டாலிவுட்டுக்குப் பின்னால் இருக்கும் குடும்பம்: ஒரு குகைவாசலில் தொடங்கிய கதை

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஸ்மோக்கி மலைப் பக்கம் போனபோது குடும்பத்தோடு டாலிவுட் கேளிக்கைப் பூங்காவைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். பாடகி டாலி பார்ட்டன்தான் அதன் முதலாளி என்று நினைத்துக்கொண்டு போன உங்களிடம், அங்கே வேலை பார்க்கும் ஒருவர் "எங்கள் கம்பெனி பெயர் ஹெர்ஷெண்ட்" என்று சொல்லியிருக்கிறார். யார் இந்த ஹெர்ஷெண்ட், இவ்வளவு பெரிய பூங்காவை நடத்துகிறவர்கள் பெயர் டிஸ்னி மாதிரி ஏன் வெளியே தெரியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் நினைத்ததும் பாதி சரிதான். டாலி பார்ட்டன் இணை உரிமையாளர். பூங்காவை அன்றாடம் நடத்துவது ஹெர்ஷெண்ட். இது ஒரு குடும்பத்தின் கம்பெனி. ஷேர் மார்க்கெட்டில் இல்லை. தொடங்கி 75 ஆண்டுகள் ஆகிவிட்டன. நான் அட்லாண்டா பக்கம் குடியிருக்கிறேன். அவர்களுடைய இடங்களுக்குப் பலமுறை போயிருக்கிறேன், இந்தக் கம்பெனியின் கதையை ஆசையாகத் தேடிப் படித்துமிருக்கிறேன். அதில் என்னைக் கட்டிப்போட்ட விஷயம் ஒன்று உண்டு. வால்ட் டிஸ்னி ஆரஞ்சுத் தோப்பை வாங்கி, மரங்களைப் பிடுங்கி, மனத்தில் இருந்த உலகத்தை அங்கே எழுப்பினார். ஹெர்ஷெண்ட் குடும்பம் எடுத்த பெரிய இடங்கள் எல்லாவற்றிலும் ஏற்கெனவே ஏதோ இருந்தது. யாரோ ஆசைப்பட்டு நடத்தி, கைவிடவோ விற்கவோ நினைத்த இடத்தை எடுத்து, அங்கே இருந்ததைக் கூடியவரை வைத்துக்கொண்டு மேலே கட்டினார்கள். அவர்களுடைய வெற்றி, தோல்வி இரண்டையுமே இதை வைத்துப் புரிந்துகொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் குகை.

மிசூரி மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் ஓசார்க் என்றொரு மலைப்பகுதி இருக்கிறது. பிரம்மாண்டமான மலைகள் இல்லை, மடிப்பு மடிப்பாகக் காடு மூடிய குன்றுகள். சுண்ணாம்புப் பாறை என்பதால் அடியெல்லாம் குகை. பிரான்சன் ஊருக்கு அருகே இருக்கும் ஒரு குகைக்குள் 1869இல் ஈயம் தேடிக்கொண்டு ஒரு குழு இறங்கியது. ஈயம் கிடைக்கவில்லை. தட்டையான கூரையைப் பார்த்துச் சலவைக்கல் என்று நினைத்து 'மார்பிள் குகை' என்று பெயர் வைத்துவிட்டு வந்தார்கள். 1880களில் ஒரு சுரங்கக் கம்பெனி வந்தது. உள்ளே இருந்தது சலவைக்கல் இல்லை, வௌவால் எச்சம்தான். உரத்துக்கும் வெடிமருந்துக்கும் அது நல்ல விலைக்குப் போனது. சில வருடங்களில் வாரி முடித்துவிட்டார்கள், கம்பெனியும் போய்விட்டது. மார்மரோஸ் என்று மேலே முளைத்திருந்த சின்னஞ்சிறு ஊரும் அழிந்தது.

1889இல் வில்லியம் ஹென்றி லிஞ்ச் என்ற கனடாக்காரர் அந்தக் குகையை வாங்கினார். 1894இல் தம் மகள்கள் மிரியம், ஜெனிவீவ் இருவரோடும் சேர்ந்து, காசு வாங்கிக்கொண்டு ஆட்களை உள்ளே அழைத்துப்போகத் தொடங்கினார். ரயில் வராத, சாலை சரியில்லாத காலம். வந்தவர்கள் கொஞ்சம்தான். 1927இல் லிஞ்ச் இறந்த பிறகு மகள்களே நடத்தினார்கள். பெயரை 'மார்வெல் குகை' என்று மாற்றியதும் அவர்கள்தான். உள்ளே சலவைக்கல் இல்லாவிட்டாலும் அதிசயம் நிறையவே உண்டு என்பதால் அந்தப் பெயர் பொருத்தமாகவே அமைந்தது.

ஹியூகோ ஹெர்ஷெண்ட் டென்மார்க்கில் பிறந்தவர். சிகாகோ பக்கம் குடியேறி, எலக்ட்ரோலக்ஸ் கம்பெனியில் வாக்குவம் கிளீனர் விற்பனையில் இருந்தார். மனைவி மேரி, மகன்கள் ஜாக், பீட்டர். 1940களில் விடுமுறைக்கு ஓசார்க் வந்த குடும்பம் அந்த மலையை விட்டு மனசாரத் திரும்பவில்லை. லிஞ்ச் சகோதரிகளுக்கும் வயதாகிக்கொண்டிருந்தது. 1950இல் குகையை 99 வருடக் குத்தகைக்கு எடுத்தார்கள். ஹெர்ஷெண்ட் கம்பெனி தொடங்கியது அந்தக் குத்தகைப் பத்திரத்தில்தான்.

இந்தக் குகையைப் பார்க்காமல் இவர்கள் கதை முழுதாகப் பிடிபடாது. வாசல் என்பது குன்றின் மேல் இருக்கும் ஒரு பெரும் பள்ளம். அதன் விளிம்பிலிருந்து படி இறங்கும்போதே காற்று மாறுகிறது. மேலே ஜூலை வெயிலில் சட்டை நனைந்து நின்றோம், முப்பது படி இறங்கியதும் என் மகள் கையைக் கட்டிக்கொண்டாள். கோடை, குளிர் எதுவானாலும் உள்ளே கிட்டத்தட்ட 15 டிகிரிதான். ஈரக் கல்லின் வாசம். ஒரு திருப்பம் திரும்பியதும் மண்டபம் கண்முன் விரிகிறது. உயரம் 204 அடி, நீளம் 400 அடிக்கு மேல். நம் கோயில் ராஜகோபுரம் ஒன்றை அப்படியே உள்ளே இறக்கி வைக்கலாம். நடுவில் கூரையிலிருந்து பல காலமாக விழுந்த கல்லும் மண்ணும் தனியொரு குன்றாகக் குவிந்திருக்கிறது. படி அந்தக் குன்றைச் சுற்றிச் சுற்றி இறங்கும். ஓரிடத்தில் வழிகாட்டி விளக்கையெல்லாம் அணைத்தார். கண்ணுக்கு முன்னால் விரலை வைத்தாலும் தெரியாத இருட்டு. எங்கோ ஒரு சொட்டுத் தண்ணீர் விழும் சத்தம் மட்டும். பக்கத்தில் நின்ற குழந்தைகள்கூட வாய் திறக்கவில்லை.

ஹெர்ஷெண்ட் குடும்பம் வந்தபோது உள்ளே மரப்படிகளும் ஏணிகளும்தான். கான்கிரீட் படி கட்டினார்கள், விளக்கு போட்டார்கள். அந்த மண்டபத்தில் நடனம்கூட நடத்தினார்கள். இறங்குவது சுலபம், ஏறுவதுதான் பாடு. வயதானவர்கள் பாதியில் உட்கார்ந்துவிடுவார்கள். 1957இல் பாறையைக் குடைந்து, கேபிள் இழுக்கும் சிறு ரயில் ஒன்றை அமைத்தார்கள். 200 அடிக்கு மேல் ஆளை ஏற்றி வெளியே கொண்டுவந்து விடும் ரயில். அந்த ரயில் வந்ததும் கூட்டம் கூடியது.

ஹியூகோ அதைப் பார்க்கவில்லை. 1955இல் மாரடைப்பில் இறந்துபோனார். குத்தகை எடுத்து ஐந்தே வருடம். ஜாக்கும் பீட்டரும் அப்போது இருபதுகளில் அடியெடுத்து வைத்திருந்த இளைஞர்கள். மேரி வீட்டைக் காலி செய்துகொண்டு சிகாகோவுக்குத் திரும்பியிருக்கலாம். அவர் இருந்தார், பொறுப்பை எடுத்துக்கொண்டார். வேலையும் தானாகவே பிரிந்துகொண்டது. கட்டுமானம், இயந்திரம், நிர்வாகம் ஜாக்குக்கு. விளம்பரம், வெளியுலகம் பீட்டருக்கு. எதை எப்படிச் செய்யவேண்டும், எதைச் செய்யக் கூடாது என்பது மேரியிடம். மரத்தை வெட்டாதே என்பது அவருடைய கண்டிப்பான விதி. கட்டடம் மரத்துக்கு வழிவிட வேண்டும், பாதையும் மரத்தைச் சுற்றித்தான் போக வேண்டும். இன்றைக்கு அங்கே போனாலும் நேரான தெரு ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். கோடையில் பெரும்பாலும் நிழலிலேயே நடக்கலாம். அந்த நிழல் மேரியின் பிடிவாதம்.

இனி கதையின் முக்கியமான திருப்பம். குகைக்குள் ஒரே நேரத்தில் இத்தனை பேரைத்தான் அனுப்ப முடியும். கூட்டம் கூடக்கூட வெளியே காத்திருப்பவர்கள் கூடினார்கள். மணிக்கணக்கில் வெயிலில் நின்றார்கள். காத்திருக்கிறவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும். மார்மரோஸ் என்ற ஊர் அங்கேதான் இருந்தது என்பதும் தெரியும். அந்தப் பழைய ஊரையே திரும்ப எழுப்பினால் என்ன என்று யோசித்தார்கள்.

1960 மே 1 அன்று திறந்தார்கள். கொல்லன் பட்டறை ஒன்று, மளிகைக் கடை ஒன்று, ஐஸ்கிரீம் கடை, பொம்மைக் கடை என்று சில கட்டடங்கள்தான். ஓசார்க் மலையில் வேறோர் இடத்தில் நின்ற பழைய மரக்கட்டைத் தேவாலயம் ஒன்றையும், குடியானவர் வீடு ஒன்றையும் கட்டை கட்டையாகப் பிரித்துக் கொண்டுவந்து அப்படியே மறுபடி நிறுத்தினார்கள். அந்தத் தேவாலயம் இன்னும் இருக்கிறது. தெருவில் இரண்டு பகைக் குடும்பங்கள் சண்டை போடுவது போல் நடித்துக் காட்டினார்கள். உள்ளே நுழையக் கட்டணம் கிடையாது, குகைக்குத்தான் டிக்கெட்.

அந்த ஊருக்கு வைத்த சில்வர் டாலர் சிட்டி என்ற பெயர் விளம்பர வேலை பார்த்த டான் ரிச்சர்ட்சன் தந்தது. யோசனை ரொம்ப எளிமை. கடையில் பாக்கிச் சில்லறையைத் தாளாகத் தராமல் வெள்ளி டாலராகத் தருவது. அந்தக் காசு 26.7 கிராம் எடை, பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. நான் ஒன்று வைத்திருக்கிறேன். உள்ளங்கையில் வைத்தால் கை தானாகக் கொஞ்சம் இறங்கும், மேசையில் போட்டால் கணீர் என்று கேட்கும். அப்படி நாலைந்து காசு சட்டைப் பையில் கனத்துக்கொண்டு ஊர் திரும்புகிறவர், வழியில் பெட்ரோல் போட்டுவிட்டு அதில் ஒன்றை எடுத்து நீட்டுவார். பங்க்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "இது எங்கே கிடைத்தது?" என்று கேட்பார். அவ்வளவுதான், விளம்பரம் முடிந்தது. 1964 மார்ச்சில் அமெரிக்கக் கருவூலம் வெள்ளி டாலர் கொடுப்பதை நிறுத்தியது. அதற்குள் பெயர் வேர்விட்டிருந்தது.

காத்திருப்பவர்களுக்காகப் போட்ட ஊர், குகையை மிஞ்சியது. குகை பார்க்க வந்தவர்களை விட ஊர் பார்க்க வந்தவர்கள் பல மடங்கு. 1962இல் நீராவி ரயில் வந்தது. 1963இல் கைவினைஞர் திருவிழா நடத்தினார்கள். கம்பெனியின் குணத்தை முடிவு செய்தது இந்தத் திருவிழா என்பேன். கொல்லர், கூடை முடைகிறவர், கண்ணாடி ஊதுகிறவர், கத்தி அடிக்கிறவர், மிட்டாய் காய்ச்சுகிறவர் எல்லாரும் கூட்டத்தின் நடுவே உட்கார்ந்து தங்கள் வேலையைச் செய்தார்கள். ஓசார்க் மலைக் கிராமங்களில் அந்தத் தொழில்கள் மெல்ல மறைந்துகொண்டிருந்த காலம். அதன் பிறகு பலரை நிரந்தர வேலைக்கே எடுத்துக்கொண்டார்கள். இன்றும் அங்கே கொல்லர் இரும்பைக் காய்ச்சித் தட்டுவதை நின்று பார்க்கலாம், கேள்வி கேட்கலாம், அவர் சுத்தியலை வைத்துவிட்டுப் பதில் சொல்வார். சாப்பாட்டிலும் இதே முறைதான். நாலைந்து அடி அகலமுள்ள இரும்பு வாணலியில் சோளம், கோழி, வெண்டைக்காய் எல்லாம் போட்டுத் திறந்த வெளியில் வதக்கித் தருகிறார்கள். அமெரிக்கப் பூங்காவில் வெண்டைக்காய் வதங்கும் வாசத்தை நான் எதிர்பார்க்கவில்லை. என் அம்மா இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்.

1969இல் அப்போது நாடு முழுவதும் பார்த்த ஒரு தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர், தன் ஐந்து பகுதிகளைச் சில்வர் டாலர் சிட்டியில் படம்பிடித்தது. மிசூரிக்கு வெளியே யாருக்கும் தெரியாத இடம் ஒரே வருடத்தில் எல்லோர் வாயிலும் அடிபட்டது. 1972இல் தாங்களே வடிவமைத்துக் கட்டிய கூரைக்குள் ஓடும் ரோலர் கோஸ்டர் ஒன்று வந்தது. அந்த ரைடின் கதையும் வெளியூர்க் கற்பனை கிடையாது. 1880களில் அந்த மலையில் முகமூடி போட்டுக்கொண்டு அட்டகாசம் செய்த ஒரு கும்பல் உண்டு. அவர்கள் ஊருக்குத் தீ வைப்பதுதான் கதை. 2023 வரை அந்த ரைடு ஓடியது. பழசாகிப்போனதால் நிறுத்தி, 2024இல் அதே பெயரில், அதே கதையோடு புதிதாகக் கட்டித் திறந்தார்கள். தாத்தா பாட்டி சின்ன வயதில் ஏறிய ரைடைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு வைக்கவில்லை.

இப்போது நீங்கள் போன டாலிவுட்டுக்கு வருகிறேன். அந்த நிலத்துக்கு அது எத்தனையாவது பெயர் தெரியுமா? 1961இல் ராபின்ஸ் சகோதரர்கள் டென்னசியின் பிஜன் ஃபோர்ஜில் 'ரெபெல் ரெயில்ரோடு' என்று உள்நாட்டுப் போர்க் கதையை வைத்து ஒரு நீராவி ரயில் விட்டார்கள். பிறகு 'கோல்ட்ரஷ் ஜங்ஷன்' ஆனது. 1970இல் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணிக்காரர்களிடம் போனது. 1976இல் ஹெர்ஷெண்ட் வாங்கியது. அடுத்த வருடம் 'சில்வர் டாலர் சிட்டி டென்னசி'. 1986 மே 3 முதல் டாலிவுட். பெயர் மாறியதே தவிர ரயில் மாறவில்லை.

அந்த ரயிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் அப்பா திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கே வந்திருந்தபோது டாலிவுட் கூட்டிக்கொண்டு போனேன். ரோலர் கோஸ்டர் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஸ்டேஷனில் எஞ்சின் நின்றதும் போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டார். சக்கரத்தை எண்ணினார், பிஸ்டனைப் பார்த்தார், குனிந்து அடியில் பார்த்தார். "இது நம்ம மீட்டர் கேஜ் வண்டிடா. தண்டவாளம்தான் கொஞ்சம் ஒடுங்கியிருக்கு" என்றார். வீட்டுக்கு வந்து தேடினால் அவர் சொன்னது சரி. அந்த எஞ்சின் 1943இல் அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்தது, 'மெக்ஆர்தர்' ரகம். இரண்டாம் உலகப் போர் நேரத்தில் இந்தியாவின் மீட்டர் கேஜ் பாதைகளுக்குக் கப்பலில் வந்து இறங்கியதும் இதே ரகம்தான். டாலிவுட்டில் இருப்பது மூன்றடிப் பாதைக்கு மாற்றி, அலாஸ்கா பக்கம் பனிமலைப் பாதையில் போர்க்காலத்தில் ஓடிவிட்டு வந்த எஞ்சின். நாங்கள் போனபோது நிலக்கரியில்தான் ஓடியது. மலையேறும்போது கரித்தூள் தலையில் விழுந்தது. அப்பா அதைத் தட்டிவிடவே இல்லை.

டாலி பார்ட்டன் பிறந்தது அதே செவியர் மாவட்டத்தில், 1946இல், பன்னிரண்டு பிள்ளைகளில் ஒருவராக. ஒற்றை அறை மரவீட்டில் வளர்ந்தவர். புகழின் உச்சியில் இருந்த 1980களின் தொடக்கத்தில், சொந்த ஊரில் ஒரு பூங்கா வைக்க வேண்டும், ஊர்ச் சனங்களுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று வெளிப்படையாகப் பேச ஆரம்பித்தார். அதே ஊரில் பூங்கா வைத்திருந்த ஹெர்ஷெண்ட் குடும்பத்துக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. போட்டியாக நிற்கலாம், சேர்ந்துகொள்ளலாம். சேர்ந்துகொண்டார்கள். தங்கள் பூங்காவின் பெயரையே எடுத்துவிட்டு அவர் பெயரை வைத்தார்கள். முதல் சீசனிலேயே வருகிறவர் எண்ணிக்கை ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அன்றைக்குத் தன் பெயரை விட்டுக்கொடுக்க மனசு வந்ததுதான் அந்தக் குடும்பத்தின் ஆகச் சிறந்த வியாபார முடிவு என்பது என் கருத்து.

அதற்கு முன்பிருந்ததையும் அழிக்கவில்லை. டாலிவுட்டில் நீங்கள் வரிசையில் நின்று வாங்கிய லவங்கப்பட்டை ரொட்டி இருக்கிறதே, அது விற்கும் மாவு மில், டாலி வருவதற்கு நாலு வருடம் முன்பு, 1982இல், பூங்காவின் கைவினைஞர்களே கட்டிய தண்ணீர்ச் சக்கர மில். கொல்லன் பட்டறையும் அந்தக் காலத்ததுதான். அதோடு டாலியின் பக்கத்திலிருந்து பாட்டு வந்தது, அவர் வளர்ந்த வீட்டின் மாதிரி வந்தது, பறக்க முடியாமல் அடிபட்ட வெண்தலைக் கழுகுகளைப் பராமரிக்கும் இடம் 1991இல் வந்தது. 2012இல் அந்தக் கழுகின் பெயரிலேயே, இருக்கைகள் இருபுறமும் சிறகு போல் வெளியே நீட்டிக்கொண்டு ஓடும் ரோலர் கோஸ்டர் வந்தது. அமெரிக்காவில் அந்த வகையில் அதுதான் முதல்.

நடுவில் உள்ள வளர்ச்சியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1980இல் பிரான்சனில் நீர்ப் பூங்கா, பிறகு அட்லாண்டா பக்கம் ஒன்று. 1995இல் பிரான்சன் ஏரியில் ஒரு பெரிய சக்கரப் படகு. அதை ஏரியில் இறக்கும்போது வழுக்குவதற்கு கிரீஸ் தடவினால் தண்ணீர் கெடும் என்று டன் கணக்கில் வாழைப்பழத்தைத் தண்டவாளத்தில் பரப்பி வழுக்க விட்டார்கள். 1998இல் ஜார்ஜியாவின் ஸ்டோன் மவுண்டன் பூங்காவை நடத்தும் ஒப்பந்தம், அதிலிருந்து 2022இல் விலகினார்கள். 2003இல் கம்பெனிக்கு ஹெர்ஷெண்ட் ஃபேமிலி என்டர்டெயின்மெண்ட் என்று பெயர் மாறியது. 2013இல் ஹார்லம் குளோப்ட்ராட்டர்ஸ் கூடைப்பந்துக் குழுவை வாங்கினார்கள். மீன் காட்சியகங்கள், 2021இல் கென்டக்கி கிங்டம் பூங்கா என்று பட்டியல் நீளும்.

தோற்றதும் உண்டு. பிரான்சனில் சில சீசன் மட்டுமே ஓடி மூடிக்கிடந்த ஒரு பூங்காவை வாங்கி, 2003இல் 'செலிபிரேஷன் சிட்டி' என்று திறந்தார்கள். சாயங்காலம் திறக்கும் பூங்கா, விளக்கு, லேசர் என்று செலவு செய்தார்கள். 2008இல் மூடிவிட்டார்கள். அந்த இடத்துக்கு ஒரு குகையோ, பழைய ரயிலோ, ஊர்க் கதையோ கிடையாது. யாருக்கும் அங்கே திரும்பிப் போக ஒரு நினைவு இல்லை.

இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் நேர்மையாக இருக்காது. 2004இல் 'ரைடு தி டக்ஸ்' என்ற தொழிலை வாங்கினார்கள். தரையிலும் தண்ணீரிலும் ஓடும் போர்க்கால வாகனத்தின் வடிவில் சுற்றுலா. 2010இல் ஃபிலடெல்ஃபியா ஆற்றில் பழுதாகி நின்ற அவர்களுடைய வாகனம் ஒன்றின் மீது சரக்குத் தெப்பம் மோதியதில் ஹங்கேரியிலிருந்து வந்த இரண்டு மாணவர்கள் இறந்தார்கள். அந்தத் தெப்பத்தைத் தள்ளிய படகை ஓட்டியவர் கைப்பேசியில் மூழ்கியிருந்ததே காரணம் என்று விசாரணை சொன்னது. பிரான்சன் கிளையை 2017 இறுதியில் வேறொரு நிறுவனத்துக்கு விற்றார்கள். 2018 ஜூலை 19 அன்று டேபிள் ராக் ஏரியில் புயலில் அப்படியொரு படகு மூழ்கி 17 பேர் மாண்டார்கள், அதில் ஒன்பது பேர் ஒரே குடும்பம். அன்று அதை நடத்தியது ஹெர்ஷெண்ட் இல்லை. ஆனால் பல வருடம் அவர்கள் நடத்திய தொழில் அது. இந்த வகை வாகனத்தின் நிலையான கூரை, ஆள் தப்பிக்கத் தடையாகும் என்ற எச்சரிக்கையும் 1999இல் ஆர்கன்சாவில் 13 பேர் இறந்த விபத்துக்குப் பிறகே விசாரணை அமைப்பிடமிருந்து வந்துவிட்டது. குடும்பங்களை மகிழ்விக்கவென்றே இருக்கும் கம்பெனியின் வரலாற்றில் இந்தப் பக்கமும் சேர்த்தே படிக்க வேண்டியது.

அவர்கள் தங்கள் கொள்கை அறிக்கையில் கிறிஸ்தவ நெறிகளின்படி நடப்போம் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். அது எழுத்தோடு நிற்கிறதா என்று பார்க்க, வேலைக்காரர்களை எப்படி நடத்துகிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஊழியர்கள் கொஞ்சம் போட, கம்பெனியும் போட்டு, நோய், விபத்து என்று சிக்கிக்கொண்ட சக ஊழியருக்கு உதவும் நிதி ஒன்று இருக்கிறது. 2022இல், சீசனுக்கு மட்டும் வருகிறவர், பகுதிநேரம் பார்க்கிறவர் உட்பட சுமார் 11,000 பேருக்கு, கல்லூரிக் கட்டணமும் புத்தகச் செலவும் முழுவதும் கம்பெனியே ஏற்கும் திட்டத்தை அறிவித்தார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே அந்தத் தகுதி உண்டு. 2016 நவம்பரில் டாலிவுட்டுக்குப் பக்கத்து ஊரான கேட்லின்பர்க்கில் பரவிய காட்டுத்தீயில் 14 பேர் இறந்து, நூற்றுக்கணக்கான வீடுகள் எரிந்தபோது, வீடிழந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாதம் 1,000 டாலர் வீதம் ஆறு மாதம் தருவதாக டாலி அறிவித்துத் தந்தார். அந்த நிதியில் டாலிவுட்டும் பங்கெடுத்தது. ராட்டினத்தில் டிக்கெட் கிழிக்கும் பையனும் அந்த மலையில் வீடு வைத்திருப்பவன்தானே.

பெயர் ஏன் தெரியவில்லை என்ற கேள்விக்கு இதற்குள் பதில் கிடைத்திருக்கும். எந்த வாசலிலும் அவர்கள் தங்கள் பெயரைப் பெரிதாக எழுதுவதில்லை. மிசூரியில் வெள்ளிக் காசின் பெயர், டென்னசியில் டாலியின் பெயர், கென்டக்கியில் அந்த மாநிலத்தின் பெயர். பங்கு விற்காத கம்பெனி என்பதால் காலாண்டுக்கு ஒருமுறை லாபக் கணக்கு பத்திரிகையில் வராது. வியாபாரப் பக்கம் படிக்கிறவர்கள் கண்ணிலும் படாது. இதற்கு நேர் எதிராக, பங்குச் சந்தையில் இருந்த பூங்கா நிறுவனங்களான சிக்ஸ் ஃப்ளாக்ஸும் சிடார் ஃபேரும் 2024 ஜூலையில் ஒன்றாக இணைந்தபோது மாதக்கணக்கில் செய்தி ஓடியது.

2025இல் ஹெர்ஷெண்ட் தன் வரலாற்றிலேயே பெரிய கொள்முதலைச் செய்தது. ஸ்பெயினின் பார்க்கஸ் ரியூனிடோஸ் குழுமம் அமெரிக்காவில் வைத்திருந்த இருபதுக்கு மேற்பட்ட இடங்களை மொத்தமாக வாங்கியது. அந்தப் பட்டியலைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கனெக்டிகட்டில் லேக் காம்பவுன்ஸ், 1846 முதல் நடந்துவருகிறது. பென்சில்வேனியாவில் ஐடில்வைல்டு, 1878. பிட்ஸ்பர்க் பக்கம் கென்னிவுட், 1898இல் டிராம் கம்பெனி தன் வண்டியில் ஞாயிற்றுக்கிழமையும் ஆள் ஏற வேண்டும் என்று பாதையின் கடைசியில் போட்ட பூங்கா. அங்கே 1920களில் கட்டிய மரத்தாலான ரோலர் கோஸ்டர்கள் இன்றும் ஓடுகின்றன. நூறு வயது மரச்சட்டத்தை ஓட வைப்பது லேசான காரியம் இல்லை. தினமும் காலையில் தச்சர்கள் சட்டத்தின் மேல் நடந்து, ஆணி, போல்ட் பார்த்து, பலகை மாற்ற வேண்டும். அப்படிப்பட்ட வேலையை மதிக்கிற ஆட்கள் கையில் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று நம்புகிறேன். வரும் கோடையில் பிட்ஸ்பர்க் போகிறோம். அப்பாவுக்கும் விசா வந்துவிட்டது.

நீங்கள் அடுத்து மிசூரிப் பக்கம் போனால் ஒரே ஒரு யோசனை. சில்வர் டாலர் சிட்டி டிக்கெட்டிலேயே குகையும் சேர்த்தி, தனிக் கட்டணம் இல்லை. பெரும்பாலானவர்கள் ரோலர் கோஸ்டருக்கு ஓடிவிட்டு, குகையைச் சாயங்காலத்துக்குத் தள்ளிப்போட்டுப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். காலையில் கதவு திறந்ததும் நேராகக் குகைக்குப் போய்விடுங்கள். மெல்லிய ஸ்வெட்டர் ஒன்று கையில் இருக்கட்டும். முட்டி வலி இருப்பவர்கள் மட்டும் படி இறங்குவதைப் பற்றி முதலில் கேட்டுக்கொள்ளவும். ஏறி வரத்தான் ரயில், இறங்குவது இன்றும் சொந்தக் காலில்தான்.